‘யாருகிட்ட இருக்குன்னு கேளு’ என்ற சௌந்தரவல்லி அக்கா

சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை முடிந்து வேனில் ஏறும்போது முனியாண்டி அண்ணன் போனில் அழைத்தார். “அக்கா போயிட்டாம்மா. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு,” என்றார். அவர் மனைவி சௌந்தரவல்லியை, இந்தியாவிலிருந்து மலேசியாவின் கோலா பிலா பக்கத்துத் தோட்டங்களுக்கு மருமகள்களாக வந்த உங்களுக்கெல்லாம் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

நம் நிலைமை உங்களுக்குத் தெரியும். கணவர் பெயரைச் சொல்லி வாங்கும் விசாவில்தான் இங்கே வாழ்கிறோம். கையில் இருப்பதோ இந்தியக் கடப்பிதழ், இந்திய பாஸ்போர்ட். அது காலாவதியானால் விசாவும் போய்விடும். அக்கா இந்தியத் தூதரகத்தில் புதுப்பிக்கக் கொடுத்த கடப்பிதழ் ஓராண்டு தாண்டியும் வரவில்லை. இணையத்தில் பார்த்தால் ‘பரிசீலனையில்’ என்று இருக்கும். போனில் கேட்டால் “வெயிட் பண்ணுங்க” என்பார்கள். அந்தச் சமயத்தில்தான் ஊரில் அவர் அம்மா படுக்கையில் விழுந்தார்.

இந்தியக் குடிமக்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கலாம் என்று யாரோ சொல்ல, அக்கா எழுதிப் போட்டார். என் கோப்பு இப்போது எந்த அதிகாரியிடம் இருக்கிறது? என்றைக்கு அவரிடம் போனது? ஏன் அங்கேயே நிற்கிறது?

பதில் வந்தது. இந்தியாவில் அக்காவின் ஊர் வீட்டுக்கு விசாரணைக்குப் போன போலீஸ்காரர் ‘விண்ணப்பதாரர் முகவரியில் இல்லை’ என்று எழுதியிருந்தார். “மக வீட்ல இருக்காளா?” என்று அவர் கேட்டதற்கு, “அவ மலேசியாவுல இருக்கா சாமி,” என்று உண்மையைச் சொன்னவர் அக்காவின் அம்மாதான். அந்த ஒரு வரியில் கோப்பு படுத்துவிட்டது. பதில் வருவதற்குள் அம்மாவும் போய்விட்டார். சிதைக்குத் தீ வைத்ததை அக்கா போனில் பார்த்தார். மேல்முறையீடு செய்ததும் கடப்பிதழ் விறுவிறுவென்று வந்தது. அதைக் கையில் வாங்கியவர் கேட்டார்: “இப்ப எதுக்கு லா இது? யாரப் போய்ப் பாக்க?”

அதற்குப் பிறகுதான் நமக்கெல்லாம் எழுதித் தரத் தொடங்கினார். என் கடப்பிதழ் சிக்கியபோது, ‘ஐயா, கருணை கூர்ந்து’ என்று ஆரம்பித்திருந்தேன். அதை அடித்துவிட்டார். “கெஞ்சாத. கெஞ்சினா அவன் கருணைக்குக் காத்திருக்கணும். எப்ப வரும்னும் கேக்காத, யாருகிட்ட இருக்குன்னு கேளு. பேரு வெளிய வரும்னு தெரிஞ்சாத்தான் பேப்பர் நகரும்.” அவர் சொன்னபடியே எழுதினேன், பேப்பர் நகர்ந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இங்கே நிரந்தரமாக வசிக்க அவர் கொடுத்திருந்த மனு, பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அசையவில்லை. குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் “துங்கு”, காத்திரு, என்ற ஒரே சொல். “விட்டுட்டு வந்த நாடு, எழுதிக் கேட்டா பதிலாவது சொல்லுது. வாழற நாட்டுல எந்தச் சட்டத்த வச்சுக் கேக்கறது?” என்பார். எனக்குத் தெரிந்து, அக்காவால் எழுதிக் கேட்க முடியாத மனு அது ஒன்றுதான்.

மரணத்தைப் பதியப் போன இடத்தில் அவரை வெளிநாட்டவர் என்று குறித்தார்கள். “என் பிள்ளைங்கள இந்த மண்ணுல பெத்தவ, எப்படிய்யா வெளிநாட்டுக்காரி?” என்று முனியாண்டி அண்ணன் தமிழில் கேட்டார். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது.

இழவு வீட்டில் ஒருவர் எழுந்து, அக்கா பொறுமையின் வடிவம் என்றார். நீங்கள் பலரும் தலையாட்டினீர்கள். நான் வெளியே வந்துவிட்டேன். பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாதவர்களை அக்கா சாகும்வரை மன்னிக்கவில்லை. நம்மைக் காக்க வைப்பவர்களுக்கு நம் பொறுமை வசதி. அதனால்தான் அதை நம்மிடம் புகழ்கிறார்கள். அக்காவின் சேலையை மகள் எடுத்துக்கொண்டாள். நான் எடுத்துக்கொண்டது அந்த ஆறாத கோபத்தை.