குடுவையின் தோளில் ஒரு கீறல்

காலை எட்டே முக்கால். நார்வேயில், ஆஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் தோழியின் வீட்டு வாசலில் அவள் கணவர் அருளப்பு கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மன்னார்க்காரர், இங்கே கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. நான் மதுரையிலிருந்து வந்தவள், அகழாய்வில் கிடைக்கும் பானைகளை அளந்து வரைபவள். ஆஸ்லோவில் ஓர் அருங்காட்சியகக் கிடங்கிலுள்ள பழைய எகிப்திய மதுக்குடுவையை வரைய எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

"உந்த ஒரு பானைக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள், தங்கச்சி?"

"ஆமாண்ணே. அதுல எழுத்து இருக்கு."

அரை மணியில் போய்ச் சேர்ந்தோம். துணைக்கு ஒருவர் வரலாம் என்றதால் அவரும் உள்ளே வந்தார்.

பத்து மணி. காப்பாளர் இங்ரிட் குடுவையை மெத்தைமேல் கிடத்தினார். கழுத்துக்குக் கீழே வளையும் தோளில் கறுப்பு மையில் மூன்று வரிகள். ஆட்சியாண்டு, திராட்சைத் தோட்டம், மது வடித்தவர் பெயர் என்று விளக்கினார். பெயர் இருந்த வரி முழுக்க அழிந்துவிட்டது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. அந்த வரியைப் புள்ளிக்கோடாக விட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கப் போனேன். பத்து நிமிடம் மீதி.

அருளப்பு குனிந்து பார்த்தார். "லைட்டைச் சரிச்சுப் பிடிக்கச் சொல்லுங்கோ. காரிலை கீறல் பாக்கேக்கை நாங்கள் நேரை வெளிச்சம் அடிக்கிறேல்லை."

இங்ரிட் விளக்கைத் தாழ்த்திச் சாய்த்தார். மைக்குக் கீழே மெல்லிய நிழல் எழுந்தது: ஒரு வட்டம், அதைக் குறுக்கே வெட்டும் இரண்டு கோடுகள்.

"இது பதிவேட்டில் இல்லையே!" என்றார் இங்ரிட்.

உருப்பெருக்கியில் பார்த்தேன். கீறலின் இரு கரையிலும் களிமண் மேடு தட்டியிருந்தது. சுட்ட பிறகு கீறினால் கரை பொரிந்து உதிரும். இது ஈர மண்ணில் போட்டது. குயவர் இட்ட அடையாளம்தான் என்றேன், தயங்காமல். இங்ரிட் என்னை மதியம் வரை இருக்கச் சொன்னார். பதிவேட்டில் இதைக் கண்டுபிடித்தவர் என்று எழுத அருளப்புவின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்.

"என்ரை பேரோ?" அருளப்புவின் காது சிவந்தது.

வெளியே வந்ததும் எனக்கு மதுரைதான் நினைவுக்கு வந்தது. இதுவரை வரைந்த பானை ஓடுகள் எல்லாவற்றையும் நேர் வெளிச்சத்தில்தான் பார்த்திருக்கிறேன். முடிந்தது என்று கட்டிவைத்த பெட்டிகள் நாற்பதுக்கு மேல். ஊர் போய் ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும். வருத்தமில்லை, எப்போது திறப்போம் என்றிருந்தது.