மிளகாய் காரமா, இல்லையா?

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வேதியியல் ஆசிரியர்களுக்கென்று விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்தரங்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். பேசுவதற்கு நானே வலியப் போய்ப் பெயர் கொடுத்தேன். மேடை என்றால் எனக்குக் கொண்டாட்டம்.

ஆனால் அந்த முறை வெறும் கைதட்டலுக்காகப் போகவில்லை. பதினோராம் வகுப்புத் தமிழ் வழிப் பிள்ளைகளிடம், 'காரத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டு தருக' என்று தேர்வில் கேட்டிருந்தேன். பாதி வகுப்பு 'மிளகாய், மிளகு' என்று எழுதியிருந்தது. ஒருத்தி தாராள மனசோடு இஞ்சியையும் சேர்த்திருந்தாள். நாக்கில் உறைப்பதும் காரம், அமிலத்துக்கு எதிரானதும் காரம். பிள்ளைகள் வீட்டில் தெரிந்த காரத்தை எழுதிவிட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. விடைத்தாள்களைப் பார்த்த தலைமை ஆசிரியருக்கு வரவில்லை.

"இதுங்களுக்கு எதுக்கும்மா கெமிஸ்ட்ரி? அடுத்த வருஷம் தமிழ் மீடியத்துல சயின்ஸ் குரூப்பே வேணாம்னு ஆபீசுக்கு எழுதிட்டேன்" என்றார்.

பெருமுக்கல் பக்கமிருந்து நடந்தும் பஸ்ஸிலும் வந்து படிக்கிற பிள்ளைகள். அந்தப் பிரிவை எடுத்துவிட்டால் அவர்களில் பலருக்கு அறிவியல் அதோடு சரி. முடிவெடுக்க வேண்டிய கல்வி அலுவலர்தான் கருத்தரங்குக்குத் தலைமை. அவர் கண்ணெதிரிலேயே பேசிவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

மேடையில் மண்டபத்து டம்ளர்களை வரிசையாக வைத்தேன். பிள்ளைகளின் பதிலைப் படித்துக் காட்டியதும் சபை நன்றாகச் சிரித்தது. "மிளகாய் வேதியியல் காரம் இல்லை, இப்போது பாருங்கள்" என்று பச்சை மிளகாயைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு, சிவப்பு லிட்மஸ் தாளை முக்கினேன். காரம் பட்டால் அந்தத் தாள் நீலமாகும். மிளகாய்த் தண்ணீரில் சிவப்பாகவே இருக்க வேண்டும்.

அது பளிச்சென்று நீலமானது.

"பசங்க கரெக்டாதான் எழுதிக்கிறாங்க டீச்சர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே அதிர்ந்தது. கல்வி அலுவலரும் வாயைப் பொத்திக்கொண்டார். காது சூடாகிவிட்டது எனக்கு. ஆனால் முந்தின நாள் பள்ளியில் செய்தபோது சரியாக வந்த சோதனை. மிளகாய் மாறாது, தாளும் தண்ணீரும் பள்ளியிலிருந்து கொண்டு வந்தவைதான். மிச்சம் இருப்பது டம்ளர்தான். வேறொரு டம்ளரில் வெறும் தண்ணீரை ஊற்றி முக்கினேன். அதுவும் நீலம்.

மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற அம்மாவைக் கூப்பிட்டு, டம்ளரை எதில் கழுவினார்கள் என்று கேட்டேன்.

"சவுக்காரம் போட்டுத்தாங்க. நேத்து கல்யாணம், ஒரே எண்ணெப் பிசுக்கு. நீங்க ஜல்தியா கேட்டீங்கன்னு சரியா அலசாம குடுத்துட்டேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "கேட்டீர்களா, சவுக்காரம். இதுவும் காரம்தான். நம் பிள்ளைகள் வீட்டில் தினமும் இதைப் போட்டுத்தான் துணி துவைக்கிறார்கள். நாக்கில் உறைக்கிற காரம் வேறு, கையில் வழுக்குகிற இந்தக் காரம் வேறு என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காதது நாம்தான்" என்றேன். டம்ளரை நன்றாக அலசி வந்து மறுபடி மிளகாயைப் போட்டேன். தாள் சிவப்பாகவே இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஒரு படிகாரக் கட்டியைத் தூக்கிக் காட்டி, "இது காரம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன். சிலர் உஷாராகக் கையைக் கட்டிக்கொண்டார்கள். சில கைகள் உயர்ந்தன. வரலாறு படித்துவிட்டு அந்தப் பதவிக்கு வந்த கல்வி அலுவலரின் கையும் உயர்ந்தது. படிகாரத்தைக் கரைத்து நீல லிட்மஸை முக்கினேன். தாள் சிவந்தது. பெயரில் காரம், குணத்தில் அமிலம்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவர் தன் கையையே ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகுதான் சபைக்குச் சிரிப்பு வந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அவரே என்னிடம் வந்தார். "பேரை வச்சு நானே ஏமாந்துட்டேன், பசங்க ஏமாற மாட்டாங்களா? குரூப் இருக்கட்டும்மா. நீங்க நடத்துங்க" என்றார். கண் கலங்கியதற்கு ரசத்தைக் காரணம் காட்டினேன்.

மிளகாய் என்று எழுதிய பிள்ளைகள் யோசிக்காமல் எழுதவில்லை, தாங்கள் பேசும் தமிழை நம்பி எழுதினார்கள். அதன்பிறகு பல வருடங்கள் பாடம் நடத்தினேன். எந்தப் பிள்ளையைப் பார்த்தும் 'உனக்கு இது வராது' என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.