கோமதி கேட்ட இரைச்சல்

கோமதி காலமான செய்தி வந்தபோது நான் தி.நகரில் ஒரு பாத்திரக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். அவருடைய மகள் நிவேதாதான் போனில் பேசினாள். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். எதிர்பார்த்ததுதான். புற்றுநோய் இரண்டாம் முறை திரும்பியிருந்தது, மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆனாலும் மழை விட்ட பிறகும் நான் அங்கேயே நின்றிருக்கிறேன். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு "உக்காருங்க சார்" என்றபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் இயந்திரங்களை வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அடையாறில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் எங்கள் சிறு நிறுவனம் மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் கருவிகள் செய்கிறது. பெரும்பாலானவற்றுக்குள் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். சொன்ன அளவுக்கு மட்டும் சிறு சிறு அடிகளாக நகரும் மோட்டார் அது. அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுத்து ஓட்டும் மின்சுற்றான டிரைவ் எது, பவர் சப்ளை எது என்று முடிவு செய்தவர் கோமதி. கருவியின் உடலை வடிவமைப்பவன் நான். வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்பவர் சுந்தர். மூவரும் கூட்டாளிகள்.

ஆரம்ப காலத்தில், மோட்டாரின் மேல் எழுதியிருந்த வோல்ட்டைப் பார்த்துவிட்டு சுந்தர் ஒரு சின்ன சப்ளையை வாங்கி வந்தார். மெதுவாக ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. வேகத்தைக் கூட்டியதும் மோட்டார் முனகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்கியது. கோமதி விழுந்து விழுந்து சிரித்தார். "மேல எழுதிகீறத பாத்து சப்ளை வாங்காத நைனா. அத்த விட பல மடங்கு குடுத்தாதான் வேகமா ஓடும். கரண்ட் எவ்ளோ விடணும்னு டிரைவ் பாத்துக்கும், நீ பயப்படாத." சுந்தரும் சேர்ந்து சிரித்தார். இன்று வரை சப்ளை வாங்கும்போதெல்லாம் அந்த வாசகத்தை அதே குரலில் சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறார்.

கோமதி திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய செவித்திறனில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. காதில் வைத்திருந்த கருவி பழைய மாடல். அதில் டெலிபோனுக்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் தள்ளினால் மனிதக் குரல்கள் நின்றுபோய், பக்கத்திலிருக்கும் மின்கம்பிகளின் இரைச்சல் மட்டும் காதில் விழும். மற்றவர்களுக்குத் தொல்லையான அதை அவர் வேலைக்கு வைத்துக்கொண்டார். அளக்கும் கருவிகள் எங்களிடம் இருந்தன. இருந்தாலும் முதலில் சுவிட்சைத் தள்ளிவிட்டு, ஓடும் இயந்திரத்தின்மீது தலையைச் சாய்த்து, கம்பி போகும் வழியெல்லாம் காதைக் கொண்டுபோவார். "இங்க கத்துது பாரு" என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. பிறகு அளந்தால் இரைச்சல் அங்கேதான் இருக்கும்.

மருந்தை ரத்த நாளத்துக்குள் துளித்துளியாகச் செலுத்தும் பம்ப் ஒன்றை மயிலாப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சோதனைக்கு வைத்திருந்தோம். அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெண்மணியின் கட்டிலருகே அது ஓடியது. ஓடத் தொடங்கியதும், பக்கத்து மானிட்டரில் அவருடைய இதயத் துடிப்பைக் காட்டும் கோடு ரம்பப் பல்லாக நடுங்கியது. அங்கிருந்த நர்ஸ் கோமதியைப் பார்த்துக் கேட்டார்: "மேடம், இது பேஷண்டோடதா, மெஷினோடதா? நான் எதை நம்பறது?"

கோமதி உடனே பம்பை நிறுத்தச் சொன்னார். கோடு சரியானது. வெளியே வந்ததும் சுந்தர், மானிட்டரில் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரைக் கூட்டி வைக்கச் சொன்னால் போதும், ஆர்டர் கைவிட்டுப் போகாது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆர்டரை நம்பித்தான் நாங்கள் மூவரும் இருந்தோம்.

"ஃபில்டர் போட்டா கோடு அழகாயிடும். உள்ள அந்தம்மா நெஞ்சு இன்னா பண்ணிக்கினு கீதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் கோமதி. பம்பைத் தானே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த சில வாரங்கள் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சப்ளையை மாற்றினார். டிரைவை மோட்டாருக்கு ஒட்டினாற்போல் நகர்த்தி, நடுவிலிருந்த கம்பியைக் குட்டையாக்கினார். மோட்டார் கம்பிகளை முறுக்கி, உலோக வலை போர்த்தி, அந்த வலையை டிரைவ் பக்கம் உலோகப் பெட்டியோடு இணைத்தார். அவற்றோடு ஒரே கட்டாகக் கட்டியிருந்த சென்சார் கம்பிகளைப் பிரித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோனார். கடைசியில் ஒருநாள் காதை வைத்துப் பார்த்துவிட்டு "இப்ப கம்முனு கீது" என்றார். அதற்குள் அந்த மருத்துவமனை வேறு பம்ப் வாங்கிவிட்டது. நாங்கள் திரும்பப் போய்க் கேட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. வெகுநாள் கழித்துத் தரமணிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனைதான் அதை வாங்கியது. இடைப்பட்ட காலத்தின் நெருக்கடியைப் பற்றி கோமதி ஒருமுறைகூட வருத்தப்பட்டுப் பேசவில்லை.

கடைசியாகப் படுத்த படுக்கையானபோது காதில் கருவி வைத்துக்கொள்ள முடியவில்லை, தலையெல்லாம் வலி. பார்க்கப் போனவர்கள் போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினோம். அவர் வாயால் பதில் சொன்னார். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டு முழுவதும் கேட்கும்படி சொன்னார். நான் "சாப்பிட்டாயா?" என்று தட்டியதும் முகம் சுருங்கியது.

"எல்லாரும் இத்தயே கேக்கறாங்க. நீயாச்சும் மோட்டாரப் பத்திக் கேளு, வாசு."

அப்போது எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. புதிய இயந்திரம் ஒன்றில் மோட்டார் சட்டென்று நிற்கும்போதெல்லாம் சப்ளை தானாக அணைந்தது. அதைத் தட்டினேன். கண்ணை மூடி யோசித்தார்.

"நிக்கறப்போ மோட்டார் கரண்ட திருப்பித் தள்ளும். வாங்கிக்க எடம் வோணும்ல? டிரைவுக்குப் பக்கத்துல பெரிய கெப்பாசிட்டரா ஒண்ணு போடு. அப்பால வந்து சொல்லு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிவேதா மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் சொன்னபடி போட்டோம், சரியானது. மறுமுறை போனபோது அதைத் தட்டிக் காட்டினேன். படிப்பதற்கே நேரம் பிடித்தது. "சூடாவுதா?" என்று கேட்டார். இம்முறை குரல் எழும்பவில்லை. இல்லையென்று தலையசைத்தேன். திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். கோமதியிடம் பேசும்போது அவர் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும். பாதியை உதடுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். முதுகைக் காட்டிப் பேசினால் தோளைப் பிடித்துத் திருப்புவார். இத்தனை வருடங்களில் அது எனக்கு எல்லோரிடமும் படிந்துவிட்டது. நேற்று, சமையலறையிலிருந்த என் மனைவியிடம் கூடத்திலிருந்தே ஏதோ சொல்ல வாயெடுத்தவன், எழுந்துபோய் அவள் எதிரில் நின்றேன். சொல்ல வந்தது மறந்துவிட்டது. "கோமதி போயிட்டா" என்றேன். அவளுக்கு அது தெரியும். இருந்தும் அடுப்பை அணைத்துவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.