கிண்ணியாவுக்கு அப்பால் கிடப்பது மாயன் பிரமிட் அல்ல, பதினேழு கியூப் கருங்கல்

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை அல்ல. திருகோணமலை மாவட்டத்தில் மாயன் பிரமிட் இருப்பதாக நான் யாருக்கும் சொன்னதும் இல்லை. மூன்று வாரமாகக் கைபேசிக்குக் கைபேசி சுற்றும் காணொளியில் "திருகோணமலை ஓர்ஸ் ஹில்லின் மூத்த வரலாற்று ஆசிரியை உறுதிப்படுத்துகிறார்" என்ற வரிக்குக் கீழே தெரிவது என் முகம். குரலும் என்னுடையதுதான். மற்ற எல்லாம் பொய்.

நடந்தது இதுதான். என் மகனுடன் மெக்சிகோ போய் மாயன் பிரமிட்டுகளைப் பார்த்ததை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதை வாசித்ததாகச் சொல்லி இரண்டு பேர் கமராவுடன் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பிரமிட்டுகள் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். படிப்படியாக மேலே குறுகிக்கொண்டு போகும், கல்லில் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும், காட்டுக்குள் மண்மூடிக் கிடந்தவற்றைத்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னேன். கொன்வென்ட்டில் எங்களைக் கேட்ட கேள்விக்கு முழு வசனத்தில் பதில் சொல்லப் பழக்கினார்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கப் பழக்கவில்லை. அந்த முழு வசனங்களை அவர்கள் கிண்ணியாப் பக்கத்துக் கற்குவியல் ஒன்றின் படத்துக்கு மேல் ஒட்டிவிட்டார்கள். நான் அந்த இடத்தை அதற்கு முன் கண்டதே இல்லை.

காணொளி வந்து எட்டாம் நாள் அந்த இடத்தைச் சுற்றித் தொல்பொருள் அலுவலகத்தார் கயிறு கட்டிப் பலகை நாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் இருக்க ஏலாது. சென்ற செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் கிண்ணியா பஸ் ஏழு பத்துக்கு என்றார்கள். ஏழு இருபத்தைந்துக்குத்தான் எடுத்தார்கள். கட்டணம் நூற்றுப் பத்து ரூபா. ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், நாற்பத்தைந்து நிமிடம். இடது பக்க யன்னலோரம் வெயில் படாது என்று ஒருவர் தன் வலைப்பதிவில் எழுதியிருக்கிறார். தவறு. கிண்ணியாப் பாலம் வரைக்கும் என் கன்னத்தில்தான் வெயில்.

கிண்ணியாவிலிருந்து பதினாறு கிலோமீற்றர் உள்ளே போகவேண்டும். ஊரின் பெயரை எழுதமாட்டேன். ஏற்கெனவே போதிய ஆட்கள் போய் மிதித்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் நான் வாய் திறக்குமுன் கேட்டார்.

"பிரமிட்டுக்கா அம்மா?"

"அது பிரமிட் இல்லை தம்பி."

"இல்லாட்டியும் அங்கதானே போறீங்க? போய் வர, நிக்கிற நேரத்தோட மூவாயிரத்து ஐந்நூறு."

நியாயமான கட்டணம், ஏறினேன். நாலு கிலோமீற்றர் போனதும் கண்ணாடியில் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ரீச்சர், நீங்க வீடியோவில இன்னும் கொஞ்சம் வெள்ளையாத் தெரிஞ்சீங்க."

"நான் ரீச்சர் இல்லை."

"சரி ரீச்சர்."

கடைசி மூன்று கிலோமீற்றர் கிறவல் மண் பாதை, பிறகு ஒரு சிறிய குளத்தின் கட்டு. ஒன்பது ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டுக்குக் கீழே வயல். வயலின் மூலையில், இரண்டு பாலை மரங்களுக்கு நடுவே, செடி மூடிய மூன்று அடுக்குக் கல். கயிறு கட்டியவர்கள் கல்லைச் சுற்றி மட்டும் கட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. வயலில் முக்கால்வாசியையும், உழவு இயந்திரம் இறங்கும் ஒரே பாதையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அந்த வயல் பரீதா என்பவருடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு ஏக்கர், அதைவிட வேறு காணி இல்லை. பெரும்போகத்துக்கு முதல் மழை விழுந்ததும் உழுது விதைக்கவேண்டும். மழை இன்னும் மூன்று, நாலு கிழமையில் வந்துவிடும். அதற்குள் கயிறு அவிழாவிட்டால் இந்த வருடம் அவருக்கு நெல் இல்லை.

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதை நான் குறையாக எழுதவில்லை.

"நீங்கதானே சொன்ன?" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். முடியும் வரை கேட்டார். பிறகு சொன்னார்: "எங்கட வாப்பா இந்தக் கல்லுடைக்கக் கூலிக்குப் போனவர். அவருக்குப் பகல் சோறு கொண்டு போனது நான். குளக்கட்டுக்குப் போடத்தான் கல்லு அடுக்கின. சண்டை வந்துது, வேலை நிண்டுது, கல்லும் அப்படியே கிடந்துது. மாடு ஏறி நிண்ட கல்லுக்கு இப்ப ரெண்டாயிரம் வயசாம்."

"இதைக் கயிறு கட்ட வந்தவர்களிடம் சொன்னீர்களா?"

"சொல்லாம? நானும் சொன்ன, பக்கத்து வயல்காரரும் சொன்ன. அந்த ஐயா போனை எடுத்து உங்கட வீடியோவக் காட்டினார். படிச்ச அம்மா ஒராள் சொல்றா, நீங்க என்ன கதைக்கிறீங்க எண்டு கேட்டார்."

 கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன்.

என் கணவர் குளக்கட்டு வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர். அவருடன் வேலைத்தளக் குடில்களில் ஒன்பது வருடம் வாழ்ந்தவள் நான். கல்லுடைப்பவர்களுக்குக் கூலி கியூப் கணக்கில். ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. உடைத்த கல்லைக் குவியலாகப் போட்டால் அளக்க ஏலாது. ஆகவே நேர் ஓரம் வைத்து அடுக்கவேண்டும். சரியாமல் இருக்க மேல் அடுக்கை உள்ளே தள்ளி வைப்பார்கள். அளந்து முடிந்ததும் அந்த அடுக்குக்கு மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பார்கள். அதே கல்லை இரண்டாம் முறை அளக்கக் கொடுக்காமல் இருக்கத்தான் அந்தச் சுண்ணாம்பு.

"உள்ள போகக்கூடாதாம்" என்றார் பரீதா.

பலகையை இரண்டு தரம் வாசித்தேன். தோண்டக்கூடாது, உழக்கூடாது, கல் எடுக்கக்கூடாது. அளக்கக்கூடாது என்று இல்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து போனேன். அவர் சற்று நின்றார், பிறகு வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்.

கீழ் அடுக்கு இருபதுக்கு இருபது அடி, உயரம் இரண்டரை. பத்து கியூப். நடு அடுக்கு பதினாறுக்குப் பன்னிரண்டரை, உயரம் இரண்டரை. ஐந்து கியூப். மேல் அடுக்கு பத்துக்கு எட்டு, அதே உயரம். இரண்டு கியூப். சரிந்த ஓரங்களில் அரை அடி முன்பின் இருக்கலாம். மாயர்கள் ஆங்கில அடிக்கணக்கில் கட்டினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை. மொத்த உயரம் ஏழரை அடி. காணொளி அறுபது அடி என்கிறது, மிச்சம் மண்ணுக்குள் என்கிறது. கீழ் அடுக்கின் ஓரத்தில் கையால் சருகை விலக்கிப் பார்த்தேன். அடியில் வயல் மண்.

"புராதன வெண்பூச்சு" என்று அவர்கள் பெரிதாக்கிக் காட்டியது அந்தச் சுண்ணாம்புத் தெளிப்பு. கல்லின் மேற்பக்கத்தில் மட்டும், வாளியால் வீசிய மாதிரி இருக்கிறது. இதற்கு மேலும் ஆதாரம் வேண்டுமென்றால், கீழ் அடுக்கில் பதினொரு கற்களில் வெடி வைக்கத் துளைத்த தடம் இருக்கிறது. பாதி வட்டமாக, நேராக, என் பெருவிரல் பொருந்தும் அகலத்தில். எல்லாவற்றையும் நாடாவை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். கீழே இணைத்திருக்கிறேன்.

வண்டிக்காரர் குளக்கட்டில் நின்றபடி கேட்டார், "அப்ப பிரமிட் இல்லையா ரீச்சர்?"

"இல்லை."

"அப்ப எங்கட ஹயர் ஓட்டமும் போச்சு" என்றார். பரீதா அப்போதுதான் சிரித்தார். புறப்படும்போது சொன்னார்: "நீங்க எழுதுங்க அம்மா. நாங்க எழுதினா ஆர் பாக்கிற?" அந்தச் சிரிப்பைவிட அந்தக் கேள்விதான் வழி முழுக்க என்னோடு வந்தது. கண்ணால் கண்டவரின் வாய்மொழியைத் தள்ளிவிட்டு, காணாத என்னுடைய வெட்டிய வசனத்தை எடுத்துக்கொண்டார்கள். என் பிழையும் இதில் உண்டு. கமரா முன்னால் அழகாகக் கதைக்கிறேன் என்ற பெருமையில் கதைத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: போகாதீர்கள். பார்க்க ஒன்றும் இல்லை, வரம்புதான் உடையும். இந்த மாவட்டத்தில் வேறு பழைய இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு முன் பஸ் நிலையத்தில் நில்லுங்கள். இரண்டு லீற்றர் தண்ணீரும் மூடிய சப்பாத்தும் வேண்டும். வயலுக்குள் இறங்குமுன் வயல்காரரைக் கேளுங்கள். யாராவது உங்கள் வீட்டுக்குக் கமராவுடன் வந்தால், எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

காணொளி செய்த இருவருக்கும்: என் குரலை நீக்குங்கள், அது வெட்டி ஒட்டியது என்று அதே பக்கத்தில் சொல்லுங்கள். கயிறு கட்டிய அலுவலகத்துக்கு: அளவுகளும் படங்களும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்களில் யாராவது அந்தக் கல்லை நாடா வைத்து அளந்தீர்களா, இல்லையா? கயிறு எந்த நாளில் அவிழும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் முதல் மழைக்கு முன், தமிழில், கையொப்பத்துடன் எழுத்தில் பதில் தாருங்கள். கடிதத்தைப் பரீதாவின் பெயருக்கு அனுப்புங்கள், எனக்குப் பிரதி போதும்.