பதினோரு வருட விவசாயம்

ஏழு மாதமாக வேலை தேடினேன். தேடினேன் என்பதைவிட, வாங்கித் தருகிறேன் என்றவர்களின் போனுக்குக் காத்திருந்தேன் என்பதே சரி. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எதுவும் அமையாவிட்டால் மகளைப் படிக்கிற பள்ளியிலிருந்து எடுத்து, வேறு எங்காவது பிளஸ் ஒன் சேர்க்க வேண்டியதுதான். அவளிடமும் சொல்லியாகிவிட்டது.

கன்சல்டன்சிக்காரர்கள் கம்பெனி பெயரை மட்டும் சொல்லவே மாட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட், நல்ல இடம், கேன்டீன் உண்டு. அவ்வளவுதான். பெயரைக் கேட்டால், "கான்ஃபிடென்ஷியல் சார்." பெரிய ராணுவ ரகசியம்! பயோடேட்டாவைத் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்வார்கள். அனுப்பியதும் ஆளைக் காணோம்.

மே மாதம் ஒரு கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "செலக்ட் ஆயிட்டீங்க சார். நாளைக்கு ஒன்பது மணிக்கு இன்டர்வியூ. லொகேஷன் காலைல அனுப்பறேன்." மீஞ்சூரில் ரயிலேறி, கவரைப்பேட்டை தாண்டும்போது லொகேஷன் வந்தது. பதினோரு வருடம் நான் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே அனுப்பப்பட்ட அதே கம்பெனி.

கேட்டில் பழைய வாட்ச்மேன்தான் இருந்தார். "இன்னா நைனா, லீவு முடிஞ்சிச்சா?" என்று கிண்டலடித்தார். இன்டர்வியூவுக்கு வந்திருக்கிறேன் என்றேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு இன்டர்வியூ?" என்றபடி ரெஜிஸ்டரை நீட்டினார்.

உள்ளே ஹெச்.ஆர். புதியவர். என்னைத் தெரியாது. கையிலிருந்த தாளைப் பார்த்து, "பதினோரு வருஷமா விவசாயமா?" என்றார். எட்டிப் பார்த்தேன். இந்தக் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சொந்த விவசாயம்' என்றிருந்தது. அடிப்பாவி! எனக்கு ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது.

"அளவு பாக்கற மெஷின்லாம் டச் விட்டுப் போயிருக்குமே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மெஷின் ரூம் தெரிந்தது. 'ஏசி ஓடுகிறது, கதவைச் சாத்தவும்' என்று நான் எழுதி ஒட்டிய தாள் கதவில் அப்படியே இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"இத்தினி வருஷம் இந்த மெஷினை ஓட்டுனதே நான்தான் சார்."

அவர் ஃபைலை மூடினார். "பழைய ஆளுங்களைத் திரும்ப எடுக்கறதில்ல. பாலிசி."

நான் கேட்டைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் போனில் கத்தினாள். "அதுக்குத்தானே சார் மாத்தி வெச்சேன்? உண்மைய எதுக்குச் சொன்னீங்க?" பேஜாராகிவிட்டது.

மறுவாரம் வேறொரு கன்சல்டன்சியிலிருந்து போன். நாலு வருட அனுபவம் போதும், அதற்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்றார்கள். அம்பத்தூரில் முதலில் பார்த்த வேலை சரியாக நாலு வருடம். பயோடேட்டா மகளின் போனில்தான் இருந்தது. அம்பத்தூரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடச் சொன்னேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். வருடா வருடம் அந்த மெஷினுக்குப் பொட்டு வைத்தவள் அவள்தான்.

அழித்துவிட்டு, "இங்க இன்னாப்பா போடறது?" என்றாள்.

"சொந்த விவசாயம்."

அப்படியே டைப் அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னா பயிர்னு கேட்டா இன்னாப்பா சொல்லுவ?"