வாக்கியத்தில் அமைத்த சொல்

அத்தைக்கு அப்பா அனுப்பிய இன்லண்டு கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தபால் முத்திரையில் நவம்பர் 1981 என்பது தெரிகிறது. நாள் மசியில் மூழ்கிவிட்டது. கையெழுத்து என்னுடையது. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவது வழக்கம். நடவு முடிந்ததையும் பசு கன்று போட்டதையும் சொல்லிவிட்டு ஒரு வரி வருகிறது: "மோட்டாரில் நம் ஆள் அலட்சியத்தால் கையைச் சுட்டுக்கொண்டான். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை."

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அலட்சியம் என்ற சொல்லை அன்றுதான் முதல்முறையாக எழுதினேன். காதால் கேட்டு நெடுநாள் பழக்கம். மாட்டைப் பயிரில் மேயவிட்ட பையன், வேட்டியில் கறையை விட்டுவைத்த சலவைக்காரர், வரப்பைச் சரியாக அணைக்காத கூலியாள் ஆகியோரிடம் எங்கள் வீடு அலட்சியத்தைக் கண்டிருந்தது. சித்தப்பா உர மூட்டையை மழையில் விட்டுவிட்டால் அது மறதி. அப்பா தவணை நாளைத் தவறவிட்டால் அது வேலைத் தொல்லை. இந்த விதியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் பிழையில்லாமல் கற்றுவைத்திருந்தேன்.

எங்கள் நிலம் உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிப் பாசனம் எட்டாத மேட்டில் இருந்தது. கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொண்டவர் காலனியிலிருந்து வருவார். எங்கள் வீட்டில் அவருக்கு 'ஆள்' என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. மோட்டார் சம்பந்தமான பொறுப்பெல்லாம் சித்தப்பாவுடையது. ஒருநாள் காலை கரண்ட் வந்ததும் மோட்டார்க்காரர் ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்திருக்கிறார். ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. உயிர் தப்பியது. வலது உள்ளங்கை வெந்து விரல்கள் மடங்கிக்கொண்டன.

அவர் மனைவி வந்து எங்கள் வாசலுக்கு வெளியே நின்றார். பண உதவி எதுவும் கேட்கவில்லை. "கை ஆறுற வரிக்கும் வேற ஆளு போட்டுடாதீங்கய்யா" என்பதுதான் அவர் கேட்டது. மோட்டார் வேலைக்கு மாதச் சம்பளம் உண்டு. அது போனால் அன்றாடக் கூலி. மடங்கிய கைக்கு அதையும் யாரும் தரமாட்டார்கள்.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார்.

"ஈரக் கையோட பொட்டியத் தொட்டா யாரு இன்னா பண்றது? இவ்ளோ அலட்சியமா கீறவன நம்பி மோட்டார எப்டி வுடறது?" என்றார் சித்தப்பா.

யோசித்துச் சொல்வதாக அப்பா அந்த அம்மாளை அனுப்பிவைத்தார். அன்று மாலைதான் நான் கடிதம் எழுதினேன்.

எங்கள் ஆசிரியர் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் பாடத்தில் இல்லாத ஒரு புதுச் சொல்லைக் கொண்டுவந்து வாக்கியத்தில் அமைக்க வேண்டும். அதே சொல்லில் இன்னொருவர் வேறு வாக்கியம் சொல்ல வேண்டும். கடிதத்துக்குப் பிறகு வந்த அந்த நாளில் நான் எழுந்து, "எங்கள் ஆள் அலட்சியத்தால் கையைச் சுட்டுக்கொண்டான்" என்றேன். ஆசிரியர் பாராட்டி அதைப் பலகையில் எழுதினார். பிறகு அடுத்த வாக்கியத்துக்காகப் பெண்கள் வரிசையில் ஒருத்தியைக் கை காட்டினார். அவள் எங்கள் மோட்டார்க்காரரின் மகள். அது ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். எனக்குத் தெரியும்.

அவள் எழுந்து வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"ஒயரு பிஞ்சி கீதுன்னு எங்க நைனா சின்னவரு கிட்ட சொல்லிக்கினே இருந்தாரு சார்."

"இதுல அந்தச் சொல்லு எங்கம்மா இருக்கு?" என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சொல் இல்லாமல் வாக்கியம் அமைத்தவளைப் பார்த்து யார்தான் சிரிக்கமாட்டார்கள்? பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிக் காட்டும்படி ஆசிரியர் சொன்னார். அவள் உட்கார்ந்து, என் வாக்கியத்தை முழுவதும் எழுதி, நோட்டை நீட்டினாள். வகுப்பிலேயே அழகான எழுத்து அவளுடையது. சிவப்பு மசியில் 'நன்று' என்று போட்டுக் கொடுத்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது இதை வேடிக்கைக் கதையாக வீட்டில் சொன்னேன். அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். அப்பா மோர் கேட்டார். சித்தப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று நினைத்து, அவள் குரலிலேயே இன்னொருமுறை சொல்லிக் காட்டினேன்.

சில நாட்களில் உத்திரமேரூரிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்து மோட்டார் கொட்டகையில் புது ஒயர் இழுத்தார். அதற்குப் பிறகு புது ஆள் வேலைக்கு வந்தார். பழைய ஒயரை எனக்கு விளையாடக் கொடுத்தார்கள். மேலுறை வெடித்து, அங்கங்கே செம்பு தெரிந்தது. அந்தச் செம்பை உரித்தெடுத்து மோதிரம் செய்து போட்டுக்கொண்டேன். கையில் இருந்தது என்னவென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. களை எடுக்கப் போகிறாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

அவள் அப்பா ஒயரைப் பற்றிச் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாரா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. சொன்னதாக அந்தப் பெண்ணின் ஒரு வாக்கியம் மட்டுமே உள்ளது. மோட்டார்க்காரர் காலமாகிவிட்டார். சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டாலும் நினைவு நன்றாக இருக்கிறது. ஏரி உடைந்த ஆண்டு, ஊருக்கு முதல் பஸ் வந்த மாதம் என நான் எதைக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்கிறார். போன மாதமும் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்து வந்தேன். இதைக் கேட்கவில்லை.