டிரில்லர் அண்ணனின் எண்ணெய்க் கிணறு

என் மேசையில் பேனா போட்டு வைக்கும் டப்பாவின் அடியில் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் உலோகத் துண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் தட்டை. போர்வெல் வண்டியில் பாறையைக் குடைகிற முனைக்கு பிட் என்று பெயர். அதன் முகத்தில் இப்படிப்பட்ட பட்டன்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். பாறையை இடித்துத் தூளாக்குவது அவைதான். எந்த ஊர்ப் பாறையிலோ கழன்று விழுந்த ஒரு பட்டனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பல வருடம் அலைந்தவர் டிரில்லர் அண்ணன். யோசனை வந்தால் அதை எடுத்து உருட்டுவார். எங்கள் அலுவலகத்தில் அவர் பட்டனை உருட்டுகிறார் என்றால் எதையோ வாங்கப் போகிறார் என்று அர்த்தம்.

நான் அப்போது திருச்செங்கோட்டில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ரிக் என்கிற போர்வெல் வண்டிக்கு உதிரிபாகம் விற்கிற கடைக்கு மேல்மாடி. வருகிறவர்கள் சொல்லும் பங்கைக் கம்ப்யூட்டரில் வாங்கியும் விற்றும் கொடுப்பது என் வேலை. சுவரில் விலை ஓடும் டிவி, அதன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் உட்காருகிறவர்களில் பாதிப்பேர் ரிக் தொழிலில் இருந்தவர்கள், இருப்பவர்கள். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் துளை போட்டுச் சம்பாதித்த பணத்தை ஊருக்கு வந்து இந்த டிவியின் முன்னால் வைத்து வேடிக்கை பார்த்தார்கள்.

டிரில்லர் அண்ணன் சிறு வயதில் வண்டியில் எடுபிடியாகச் சேர்ந்து, டிரில்லராகி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்துபோனதும் வண்டியை விற்றுவிட்டார். கம்ப்ரசர் சத்தத்தில் அரைவாசிக் காது போய்விட்டதால் எதையும் கத்தித்தான் சொல்வார். மற்றவர்கள் என் காதருகே குனிந்து ரகசியமாகச் சொல்கிற ஆர்டரை அவர் வாசலிலிருந்தே அறிவித்துக்கொண்டு வருவார். கீழே கடையில் நட்டு வாங்க வந்தவருக்குக்கூட அண்ணன் இன்றைக்கு என்ன வாங்குகிறார் என்று தெரிந்துவிடும். எங்கள் மேனேஜருக்கு அவரைப் பார்த்தால் முகம் மலரும். அவர் ஒரு பங்கைக் கத்தினால் பின்னாலேயே நாலு பேர் அதை வாங்குவார்கள்.

விலையை அவர் விலை என்று கேட்கவே மாட்டார். “ஏனம்மணி, எத்தன அடில நிக்குது?” என்பார். நானும் சிரிக்காமல், “பதினாலு அடிங்கண்ணா” என்பேன்.

அந்த எண்ணெய்க் கம்பெனியின் பெயரை இங்கே எழுதுவதில் பயனில்லை. கடலுக்கு அடியில் எண்ணெய் தேட உரிமம் வாங்கியிருந்த சின்னக் கம்பெனி. அதுவரை ஒரு சொட்டும் எடுத்ததில்லை. எடுத்தால் யோகம், எடுக்காவிட்டால் காகிதம். நாற்காலிகளில் மீதிப்பேரான ஜவுளிக்காரர்கள் அதைத் தொடவில்லை. எங்கள் ரிக்காரர்களுக்கோ அது சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. மருந்துக் கம்பெனியைப் பற்றி நமக்கு என்ன தெரியும், சாப்ட்வேரைப் பற்றி என்ன தெரியும், இது போர் போடுகிற கம்பெனி, நம்ம தொழில் என்பது அவர்கள் கட்சி. தண்ணீருக்குப் பதில் எண்ணெய், தோட்டத்துக்குப் பதில் கடல், அவ்வளவுதான் வித்தியாசம்.

வண்டி விற்ற பணத்தில் அண்ணன் அதை வாங்கினார். அந்தப் பணத்துக்கு வேறொரு வேலை காத்திருந்தது என்பது எனக்கு அக்கா வந்த அன்றுதான் தெரிந்தது. அக்கா என்றால் அவர் மனைவி. அவர்கள் வெகுகாலமாகக் குடியிருந்த வாடகை வீட்டை விற்கப்போவதாகவும், தை பிறப்பதற்குள் சொன்னால் அவர்களுக்கே தருவதாகவும் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வண்டி பின்னால் வருடம் முழுக்க வடக்கே அலைந்த மனுசனுக்குப் பெண்ணையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்து, அந்த வீட்டிலேயே ஒற்றை ஆளாகக் காலம் தள்ளியவர் அக்கா. கொல்லையில் அவர் வைத்த முருங்கையும் எலுமிச்சையும் காய்த்துக்கொண்டிருந்தன. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏஞ்சாமி, அந்தப் பணம் பத்தரமா இருக்குதா? ஊட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருக்கறாரு” என்றார்.

பத்திரமாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் பெருகியிருந்தது. கம்பெனி கடலில் துளை போட ஆரம்பித்த செய்தி வந்ததும் விலை ஏறத் தொடங்கி ஐப்பசியில் இரண்டு மடங்காகிவிட்டது. அன்றைக்கு விற்றிருந்தால் வீட்டையும் வாங்கி, மேலே ஓர் அறையும் கட்டியிருக்கலாம். “பாதியையாச்சும் வித்துருங்கண்ணா, ஊட்டை முடிச்சுருங்க” என்று சொன்னேன். அவரும் பட்டனை உருட்டியபடி யோசித்தார். விற்கிற மனநிலைக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஓர் அறிவிப்பு வந்தது.

கம்பெனி பங்குச்சந்தைக்கு அனுப்பிய ஆங்கில அறிவிப்பு. நான் தமிழில் சத்தமாகச் சொன்னேன்: குறிப்பிட்ட ஆழம் வரை கேசிங் பைப் இறக்கிச் சிமென்ட் போட்டாயிற்று, மேற்கொண்டு வேலை நடக்கிறது. அவ்வளவுதான் செய்தி. நாற்காலிகளில் இருந்த ரிக்காரர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணன்தான் விளக்கினார். நம் பக்கம் மேல்மண் சரியாமலிருக்க முதலில் பைப் இறக்குவார்கள். தண்ணீர் வராமல் வெறும் பொகை, அதாவது வெள்ளைப் பாறைத்தூள் மட்டும் பறந்தால், அந்தப் பைப்பையும் உருவி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பைப் குழியிலேயே நிற்கிறது என்றால் அங்கே தண்ணீர் இருக்கிறது. “பொகை போன குழிக்கு எவனாச்சும் காசைக் கொட்டிப் பைப்பு எறக்கி, சிமிட்டியும் போடுவானா? எண்ணெயக் கண்ணுல பாத்துட்டானுங்க அம்மணி! வெளிய சொல்லாம இருக்கறானுங்க!” என்று கத்தினார். கீழே கடைவரை கேட்டிருக்கும். விற்க இருந்தவர் மிச்சமிருந்த பணத்துக்கும் சேர்த்து வாங்கினார். அவர் பின்னால் மற்றவர்களும்.

எண்ணெய்க் கிணற்றில் கட்டத்துக்குக் கட்டம் பைப் இறக்குவதும் சிமென்ட் போடுவதும் வழக்கமான வேலை என்பதும், எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதும் எங்களில் யாருக்கும் தெரியாது. தொழில் தெரியாதவன் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான். தெரிந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

மார்கழியில் ஒரு காலையில் முடிவு வந்தது. எடுக்கும்படியாக எண்ணெய் இல்லை, கிணற்றை மூடிவிடுகிறோம் என்று இரண்டே வரி. சந்தை திறந்ததும் ஒரு நாளைக்கு எவ்வளவு விழ விடுவார்களோ அவ்வளவும் விழுந்து பங்கு நின்றது. விற்க எல்லோரும் இருக்கிறார்கள், வாங்க ஓர் ஆள் இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. அண்ணன் தினமும் வந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை அடி என்று கேட்கவில்லை. அவர் சத்தமில்லாத அந்த அலுவலகம் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் விற்க முடிந்தபோது கிடைத்த பணத்தில் அந்த வீட்டின் வாசற்படியைக்கூட வாங்கியிருக்க முடியாது. தை பிறந்தது. வீட்டை வேறொருவர் வாங்கினார். வாடகைக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்துகொள்ளச் சொன்னார்களாம்.

பங்கை விற்ற மறுநாள் மதியம் மாடிப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. அண்ணன் முழங்காலைப் பிடித்தபடி ஒரு பெரிய தூக்குப்போசியோடு ஏறி வந்தார். பின்னால் இன்னொரு போசியோடும் வாழை இலைக் கட்டோடும் அக்கா. மேனேஜர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் என் மேசையில் இருந்ததையெல்லாம் ஓரம் தள்ளி இலையை விரித்தார்.

“போர் போட்டாத் தோட்டத்துக்காரன் வண்டிக்காரங்களுக்குச் சோறு போடோணும். தண்ணி வந்தாலும் போடோணும், பொகை போனாலும் போடோணும். அதான மொறை” என்றார். பிறகு, அவருக்கு மெதுவான குரல் என்று எதுவோ அந்தக் குரலில், “ஆயுசு பூரா அடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குனவன் நானு. பொகை போனாலும் எங்கூலி கொறஞ்சதில்ல. இந்தவாட்டித்தான் தோட்டத்துக்காரனா நின்னு பாத்தேன். நீங்கதான் இப்ப வண்டிக்காரங்க” என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை, கோபமும் இல்லை. ஆனால் உண்மை அதுதான். அவர் வாங்கியபோது எங்களுக்குக் கமிஷன், விற்றபோதும் கமிஷன். இலையின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காதான் சோற்றைப் போட்டு, கொல்லையில் காய்த்த முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றினார். அந்தக் கொல்லை இனி அவருடையது ஆகாது. “தின்னு சாமி, ஆறிப்போவுது” என்றார். அண்ணன் சொன்னார்: “பொகை போன தோட்டத்துல நான் ஒரு நாளும் அரைவயித்தோட எந்திரிச்சதில்ல. நீ என்ன பெரிய இவளா? சாப்புடு.”

சாப்பிட்டேன். குழம்பு அவ்வளவு ருசி, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். அக்கா சிரித்தார். நான் அழுததையும் பார்த்திருப்பார். போகும்போது அண்ணன் சட்டைப்பையிலிருந்து அந்தப் பட்டனை எடுத்து என் மேசையில் வைத்தார். “வச்சுக்க அம்மணி. இப்ப நீதான டிரில்லரு” என்றார். அதற்குப்பின் அவர் அங்கே வரவில்லை. கொஞ்ச நாளில் இருவரும் பெண் வீட்டோடு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குளிரூட்டிய அலுவலகம். பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடையாது, யாரும் படியேறி வருவதில்லை. எல்லோரும் அவரவர் போனிலேயே வாங்கி விற்கிறார்கள். நஷ்டம் வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள். முகம் தெரியாது. பெரும்பாலும் திட்டுவார்கள். கேட்டுக்கொள்வதும் என் வேலைதான்.

சென்ற வாரம் ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு பெண் பேசினார். யாரோ சொன்னதை நம்பி, தறி விற்ற பணத்தைக் குப்பைப் பங்கு ஒன்றில் போட்டுவிட்டார். நான் நிலவரத்தைச் சொன்னேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“சரிங்க, நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார். பிறகு, “மணி ரெண்டாவுதுங்களே, சாப்ட்டீங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லீங்க.”

“போயிச் சாப்புடுங்க மொதல்ல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

டப்பாவைக் கவிழ்த்து அந்தப் பட்டனை எடுத்தேன். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டேன். மிச்சம் வைக்கவில்லை.